கையால் ஓட்டினால் ஓடுகிறது, கண்காணிப்பில் மட்டும் ஏன் சிவப்பு?

"நான் உள்ளே போய் ஓட்டிப் பார்த்துட்டேன், நல்லாத்தான் ஓடுது. நாகியோஸ்லதான் சிவப்பா காட்டுது." யூனிக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் எந்தக் குழுவிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நாகியோஸ் என்பது சர்வர்களை இடைவிடாமல் சோதித்து, கோளாறு கண்டால் திரையில் சிவப்பு காட்டும் கண்காணிப்பு மென்பொருள். அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். அலெர்ட்டைப் பார்த்துவிட்டதாகக் குறித்துவிட்டு எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சில மாதங்களில் அந்தத் திரையில் எப்போதும் சிவந்தே கிடக்கும் வரிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்துவிடும். நிஜமாகவே ஒரு டிஸ்க் நிரம்பும் நாளில் அந்தக் கூட்டத்துக்குள் அது யார் கண்ணிலும் படாது.

அதனால் இப்படிப்பட்ட சிவப்பைச் சும்மா விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையால் ஓட்டியதும் கண்காணிப்பு ஓட்டியதும் பெயரளவில்தான் ஒரே சோதனை. ஓட்டுகிற பயனர் வேறு, சூழல் வேறு, வந்த வழி வேறு. எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நாகியோஸையும், தொலைவில் உள்ள சர்வரில் அதன் சோதனைகளை ஓட்டித் தரும் என்ஆர்பிஇ என்ற துணை நிரலையும் வைத்தே இதை விளக்குகிறேன். பழையவை என்றாலும் இன்னும் ஏராளமான சர்வர்களில் ஓடுபவை அவைதான். அங்கே கற்றுக்கொண்டது ஐசிங்கா, ஜாபிக்ஸ், பிரோமிதியஸ் போன்ற மற்ற கண்காணிப்பு மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

ஈதன் கால்ஸ்டாட் 1999-ல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள்தான் 2002-ல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. அதன் அடிப்படை ஏற்பாடு மிக எளிமையானது. எந்த மொழியில் எழுதிய நிரலும் பிளகின் (சோதனையைச் செய்யும் சிறு நிரல்) ஆகலாம். அது ஒரு வரி உரையை வெளியிட வேண்டும், முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். 0 என்றால் சரி, 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை. அவ்வளவுதான். இத்தனை வருடம் இது நிலைத்து நிற்பதற்குக் காரணம் இந்த எளிமை. தலைவலிக்கும் அதுதான் காரணம். இடையில் நடக்கும் எல்லாக் கோளாறுகளும் அந்த 4 எண்களுக்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

இடையில் என்னென்ன நடக்கின்றன என்று பாருங்கள். கண்காணிப்பு சர்வரில் நாகியோஸ், செக்_என்ஆர்பிஇ என்ற சிறு நிரலை ஓட்டுகிறது. அது நெட்வொர்க் வழியாக, ஃபயர்வாலைத் தாண்டி, தொலைவில் இருக்கும் சர்வரின் 5666-ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. அங்கே காத்திருக்கும் என்ஆர்பிஇ டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்), வந்தவரின் முகவரியைச் சரிபார்த்து, குறியாக்கத் தொடர்பை ஏற்படுத்தி, கேட்கப்பட்ட கட்டளைப் பெயரைத் தன் அமைப்புக் கோப்பில் தேடுகிறது. கிடைத்ததை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு ஷெல்லிடம் கொடுக்கிறது. ஷெல் சில நேரம், வேறு பயனரின் அதிகாரத்தோடு ஓட்ட விடும் சூடோ வழியாகப் பிளகினை எழுப்புகிறது. பிளகின் டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டுவது), பிஎஸ் (ஓடும் நிரல்களைக் காட்டுவது) போன்ற இன்னொரு கட்டளையை ஓட்டி அதன் வெளியீட்டைப் படிக்கிறது. பிறகு பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும், டிஸ்க் நிரம்பினால் வரும் அதே நிறம் திரையில் வரக்கூடும்.

செக்_என்ஆர்பிஇ காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோனால் இயல்பாகவே 'ஆபத்து' என்றுதான் சொல்லும். பதிலே கிடைக்காதபோது 'தெரியவில்லை' என்று சொல்வதுதான் நேர்மை. அதற்கு '-யு' என்ற விருப்பம் அதிலேயே இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் டிஸ்க் நிரம்பியதும் பதில் வராததும் இரண்டு நிறங்களாகப் பிரிந்து தெரியும். புதிதாக ஓர் இடத்தில் கண்காணிப்பைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இது என்பேன்.

தொடர்பா, கட்டளையா?

தேடலை எங்கே தொடங்குவது? கண்காணிப்பு சர்வரிலேயே, நாகியோஸ் பயனராகவே, கட்டளை எதுவும் கொடுக்காமல் செக்_என்ஆர்பிஇயை ஓட்டுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் என்ஆர்பிஇயின் பதிப்பு எண் ஒரு வரியாகத் திரும்பி வரும். அந்த ஒரு வரி வந்துவிட்டால் நெட்வொர்க், ஃபயர்வால், முகவரி அனுமதி, குறியாக்கம் நான்கும் நன்றாக இருக்கின்றன, பிரச்சினை அந்தப் பக்கத்துக் கட்டளையில்தான். வரவில்லையா? பிளகினைத் தொடவே வேண்டாம், வழியைப் பாருங்கள். சர்வருக்குள் நுழைந்து பிளகினை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் குழம்புவதை இந்தச் சின்னச் சோதனை மிச்சப்படுத்தும்.

வழியில் கோளாறு என்றால் செய்தியின் சொற்களை உன்னிப்பாகப் படிக்க வேண்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் அந்த முகவரியில் ஏதோ ஒன்று பதில் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் டீமன் ஓடவில்லை, அல்லது வேறு முகவரியில் மட்டும் காத்திருக்கிறது. மறுக்கச் சொல்லி அமைத்த ஃபயர்வாலும் இதே பதிலைத் தரும். 10 விநாடி காத்திருந்து 'சாக்கெட் டைம்அவுட்' என்று வந்தால் இரண்டு வாய்ப்புகள்: ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது, அல்லது தொடர்பு கிடைத்தும் பிளகின் முடியவில்லை. பதிப்பு எண் சோதனை இந்த இரண்டையும் உடனே பிரித்துவிடும்.

பலரையும் தவறான பக்கம் இழுத்துப் போகும் செய்தி 'குட் நாட் கம்ப்ளீட் எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக்'. படித்ததும் சான்றிதழ், குறியாக்கம் என்று மனம் ஓடும். நடைமுறையில் இதற்கு முதல் காரணம் யார் யார் கேட்கலாம் என்று முகவரிகளைப் பட்டியலிடும், அமைப்புக் கோப்பில் உள்ள அலவ்ட்_ஹோஸ்ட்ஸ் வரிதான். என்ஆர்பிஇ முதலில் தொடர்பை ஏற்றுக்கொள்ளும், பிறகுதான் முகவரியைப் பார்க்கும். பட்டியலில் இல்லை என்றால் குறியாக்கம் தொடங்கும் முன்பே கதவைச் சாத்திவிடும். அந்தப் பக்கத்து சிஸ்லாகில் (கணினியின் நிகழ்வுப் பதிவில்) 'இந்த ஹோஸ்ட் எங்களோடு பேச அனுமதி இல்லை' என்று தெளிவாக எழுதியிருக்கும். கேட்டவரிடம் அதைச் சொல்லாது. அதனால் கேட்டவருக்குத் தெரிவது குறியாக்கம் பாதியில் நின்றது மட்டும். பிந்தைய பதிப்புகளில் இதே தவறு 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்' என்று வேறு வேடத்தில் வரும்.

பட்டியலில் சரியான முகவரியைத்தானே போட்டிருக்கிறோம் என்று தோன்றலாம். கண்காணிப்பு சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் பாக்கெட் எதன் வழியாகக் கிளம்பும் என்பதை ரூட்டிங் அட்டவணைதான் முடிவு செய்யும். நடுவில் முகவரி மாற்றம் நடந்தால் வந்து சேர்வது ரூட்டரின் முகவரி. அதே சர்வரிலிருந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கேட்டுச் சோதிப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: அந்தப் பெயர் ஐபிவி6-ன் ::1 ஆக மாறியிருக்கும், பட்டியலிலோ 127.0.0.1 மட்டும் இருக்கும். பழைய அமைப்புகளில் வரும் தொடர்புகளை வாங்கிச் சேவைகளை எழுப்பும் எக்ஸ்இநெட்டி வழியாக என்ஆர்பிஇ ஓடினால் அலவ்ட்_ஹோஸ்ட்ஸை எவ்வளவு திருத்தினாலும் பலன் இருக்காது. அங்கே முடிவு எடுப்பது எக்ஸ்இநெட்டி கோப்பில் உள்ள ஒன்லி_ஃப்ரம் வரி. யூகிக்க வேண்டாம். அந்தப் பக்கத்து லாகைப் பார்த்தால் எந்த முகவரி வந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

நிஜமாகவே குறியாக்கத்தில் மோதல் வருவதும் உண்டு, குறிப்பாகப் புதிய கண்காணிப்பு சர்வரும் வருடக்கணக்கில் மேம்படுத்தாத பழைய சர்வர்களும் சேரும் இடத்தில். என்ஆர்பிஇயின் 2-ஆம் வரிசைப் பதிப்புகள் 512 பிட் டிஃபி-ஹெல்மேன் (ரகசியச் சாவியை இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் முறை) அளவுருவோடு தொகுக்கப்பட்டவை, சான்றிதழும் கிடையாது. 2015-ல் லாக்ஜாம் என்ற பலவீனம் வெளியானதும் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் இவ்வளவு சிறிய அளவுருக்களை ஏற்க மறுக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் நூலகத்தை மேம்படுத்தியதும் நேற்றுவரை பச்சையாக இருந்த சர்வர்கள் வரிசையாகச் சிவந்தன. 2016-ல் வந்த 3-ஆம் வரிசையில் பாக்கெட் வடிவமும் மாறியது. அதற்கு முன்பு பதிலுக்கு 1024 பைட்டுகள்தான் இடம். நீளமான வெளியீடு வாலறுந்து வந்ததற்குக் காரணம் அது. புதிய நிரல் பழைய டீமனோடு பேச வேண்டும் என்றால் '-2' விருப்பத்தைக் கொடுத்துப் பழைய வடிவத்திலேயே பேசச் சொல்லலாம். பழைய சர்வரை மேம்படுத்துவதுதான் சரியான தீர்வு என்றாலும், அதுவரை அது கண்காணிப்பே இல்லாமல் கிடப்பதற்கு இது மேல்.

பதிப்பு எண் வந்தும் கட்டளை நின்றால் அடுத்த படி. 'கமாண்ட் நாட் டிஃபைண்டு' என்றால் பெயர் பொருந்தவில்லை, அல்லது கோப்பைத் திருத்தியவர் டீமனை மறுபடி தொடங்கவில்லை. துணை அடைவில் தனிக் கோப்பாக வைத்திருந்தால் அதன் பெயர் '.சிஎஃப்ஜி' என்று முடிகிறதா என்றும் பாருங்கள், முடியாவிட்டால் என்ஆர்பிஇ அதைப் படிக்காது. 'ரிசீவ்டு 0 பைட்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் நீங்கள் கட்டளையோடு அளவுருக்களையும் அனுப்பியிருக்கிறீர்கள், அந்தப் பக்கம் அதை ஏற்பதில்லை.

அளவுருக்களை ஏற்கச் சொல்லும் ஏற்பாட்டின் பெயரே ஓர் எச்சரிக்கை: டோன்ட்_பிளேம்_என்ஆர்பிஇ, 'என்ஆர்பிஇயைக் குறை சொல்லாதே'. அதை 1 ஆக்கினால் வெளியிலிருந்து வரும் அளவுருக்கள் ஷெல் வரை போகும். 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் இந்த வழியாகவே கட்டளையைப் புகுத்த முடியும் என்று பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் இந்த வசதியைத் தொகுக்கும்போதே எடுத்துவிட்டது. அவசரத்துக்கு அதை 1 ஆக்கிப் பச்சை விளக்கை வரவழைக்காதீர்கள். எல்லைகளை அந்தந்த சர்வரின் கோப்பிலேயே எழுதி வைப்பது கொஞ்சம் கூடுதல் வேலைதான், செய்யத்தக்க வேலை.

பிளகின் யார் கையில் ஓடுகிறது?

இப்போது தலைப்பில் சொன்ன கேள்விக்கு வரலாம். தொடர்பு நன்றாக இருக்கிறது, கட்டளை கிடைக்கிறது, கையால் ஓட்டினால் பதில் வருகிறது. கண்காணிப்பிலோ 'என்ஆர்பிஇ: அனேபிள் டு ரீட் அவுட்புட்'.

இந்தச் செய்திக்கு அர்த்தம் ஒன்றுதான்: பிளகின் தன் வழக்கமான வெளியீட்டில் எதையும் எழுதவில்லை. என்ன தவறு என்று அது சொல்லியிருக்கும், ஆனால் பிழைச் செய்திகள் போகும் தனி வாய்க்காலில் சொல்லியிருக்கும். என்ஆர்பிஇ அதைப் படிக்காது. அமைப்புக் கோப்பில் அந்தக் கட்டளை வரியின் கடைசியில் தற்காலிகமாக 2>&1 என்று சேர்த்து டீமனை மறுபடி தொடங்குங்கள். 'பர்மிஷன் டினைடு', 'நோ சச் ஃபைல்', 'சாரி, யு மஸ்ட் ஹேவ் எ டிடிஒய்' என்று உண்மையான காரணம் அப்படியே திரைக்கு வந்துவிடும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த தந்திரம் இது. அலசி யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதை அந்த நிரலே வாய்விட்டுச் சொல்கிறது.

காரணங்களில் முதலில் வருவது பயனர். கையால் ஓட்டியவர் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். டீமன் ஓட்டுவது டெபியனில் 'நாகியோஸ்', ரெட்ஹாட் வகையில் இபெல் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பிலிருந்து நிறுவியிருந்தால் 'என்ஆர்பிஇ'. ரூட்டால் படிக்க முடிகிற லாக் கோப்பை அவர்களால் படிக்க முடியாது. ரூட்டாக ஓட்டிக் கிடைத்த வெற்றி எதையும் நிரூபிப்பதில்லை. அந்தப் பயனராக மாறி ஓட்ட வேண்டும். அவருக்கு லாகின் ஷெல் இருக்காது என்பதால் எஸ்யு கட்டளையில் ஷெல்லைக் குறிப்பிட்டுத்தான் மாற வேண்டியிருக்கும்.

ரூட்டாக ஓட்டிப் பார்ப்பது சில நேரம் நல்ல சோதனையையே கெடுத்துவிடும். லாக் கோப்பை எதுவரை படித்தோம், போன முறை கவுன்டர் எவ்வளவு என்று சில பிளகின்கள் ஒரு சிறிய கோப்பில் குறித்து வைக்கும், பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில். ரூட்டாக ஒருமுறை ஓட்டினால் அந்தக் கோப்பு ரூட் பெயரில் உருவாகிவிடும். அப்புறம் நாகியோஸ் பயனரால் அதில் எழுத முடியாது. காலையில் ஓடிக்கொண்டிருந்த சோதனை, ஒருவர் வந்து 'சும்மா ஓட்டிப் பார்த்த' பிறகு நின்றுபோகும். யார் மீதும் சந்தேகம் வராது, ஏனென்றால் யாரும் எதையும் மாற்றவில்லை. இப்படிப்பட்ட புதிரில் மாட்டினால் முதலில் அந்தக் குறிப்புக் கோப்புகளின் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

பயனரை மாற்றியும் கையால் ஓடுகிறது என்றால் சூழல். லாகின் ஷெல்லில் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) நீளமாக இருக்கும், டீமனுக்குக் கிடைப்பது மிகச் சுருக்கமானது. ஆரக்கிள் போன்றவற்றுக்குத் தேவையான சூழல் மாறிகள் டீமனிடம் இருக்கவே இருக்காது. மொழி அமைப்பும் வேறாக இருக்கலாம். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும் அமைப்பில் எண்ணைப் பிரித்தெடுக்கும் நிரல் தடுமாறும். அதனால் எழுதும் பிளகினின் முதல் வரிகளிலேயே முழுப் பாதைகளைக் கொடுத்து, மொழி அமைப்பைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மதிப்பை 'சி' என்று வைத்துவிடுவது நல்லது. சூடோ வழியாக ஓடுபவற்றில், ரெட்ஹாட் 5, 6 பதிப்புகளின் சூடோயர்ஸ் கோப்பில் இயல்பாகவே இருந்த, டெர்மினல் கட்டாயம் என்று சொல்லும் 'ரிகொயர்டிடிஒய்' வரியை மறக்க வேண்டாம். கையால் ஓட்டும் உங்களுக்கு ஒரு டெர்மினல் இருக்கிறது, டீமனுக்கு இல்லை. அந்தப் பயனருக்கு மட்டும் விலக்கு எழுதினால் போதும், வரியையே நீக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வேலிகள் மிச்சம். ஒன்று எஸ்இலினக்ஸ், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று தனியாகக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு. ஷெல்லில் இருக்கும் உங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. டீமன் தனக்கென வகுத்த வட்டத்துக்குள் ஓடுகிறது, அதிலிருந்து பிறக்கும் பிளகினும் அப்படியே. சாதாரணக் கோப்பு அனுமதிகளைப் பார்த்தால் எல்லாம் திறந்தே இருக்கும், ஆனாலும் மறுப்பு வரும். ஆடிட் லாகில் ஏவிசி மறுப்புகளைத் தேடினால் எந்தக் கோப்பு, எந்தச் செயல் என்று தெரியும். எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைப்பதுதான் பலர் சொல்லும் வழி. அதை ஏற்க முடியவில்லை. அந்தப் பிளகினுக்குச் சரியான லேபிளைக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும், அதற்கான வகைகள் நாகியோஸ் கொள்கையிலேயே இருக்கின்றன.

இன்னொன்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. சேவையை எப்படி ஓட்டுவது என்று எழுதியிருக்கும் யூனிட் கோப்பில் 'பிரைவேட்டெம்ப்' இயக்கப்பட்டிருந்தால் அந்த டீமனுக்குத் தெரியும் டெம்ப் அடைவு வேறு, உங்களுக்குத் தெரியும் டெம்ப் அடைவு வேறு. பேக்கப் ஸ்கிரிப்ட் அங்கே எழுதி வைக்கும் நிலைக் கோப்பை நீங்கள் பார்க்கலாம், பிளகினுக்கு அந்தக் கோப்பே கிடையாது. வீட்டு அடைவுகளை மறைக்கும் அமைப்பும் உண்டு. இந்த இரண்டு வேலிகளையும் பயனரை மாற்றி ஓட்டுவதால் பார்க்க முடியாது. டீமன் வழியாகவே ஓட்டினால்தான் தெரியும். அதனால்தான் 127.0.0.1-ஐயும் அனுமதிப் பட்டியலில் வைத்து, அந்தச் சர்வரிலேயே செக்_என்ஆர்பிஇயையும் நிறுவி வைப்பது பயன்படும். பிளகினை நேரடியாக ஓட்டாமல் அங்கிருந்தே டீமனைக் கேட்கலாம், நெட்வொர்க் குறுக்கே வராது.

போகிற போக்கில் இன்னொன்று: திரையில் '127 இஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்று வந்தால் தொலைவு சர்வரைக் குடைய வேண்டாம். என்ஆர்பிஇ தன் பக்கத்தில் 0 முதல் 3 வரை இல்லாத எண்ணைத் 'தெரியவில்லை' ஆக மாற்றித்தான் அனுப்பும். 127 அப்படியே தெரிகிறது என்றால், கண்காணிப்பு சர்வரிலேயே செக்_என்ஆர்பிஇ சொன்ன பாதையில் இல்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்கும் அனுமதி இல்லை.

நேரம் தீர்வது

சில சோதனைகள் பகலில் பச்சை, நள்ளிரவில் சிவப்பு. இங்கே பார்க்க வேண்டியவை காத்திருக்கும் நேரங்கள். இவை ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இருக்கின்றன: பிளகினின் சொந்த நேரம், என்ஆர்பிஇயின் கமாண்ட்_டைம்அவுட், செக்_என்ஆர்பிஇயின் நேரம், நாகியோஸின் சர்வீஸ்_செக்_டைம்அவுட். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் இது தலைகீழ். செக்_என்ஆர்பிஇ 10 விநாடியில் கைவிடும், அந்தப் பக்கம் கட்டளைக்கு 60 விநாடி அனுமதி. கேட்டவர் போன பிறகும் பிளகின் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை கேட்கும்போது இரண்டாவது ஒன்று பிறக்கும். வரிசையைச் சரியாக அமைத்தால், எந்த அடுக்கில் நேரம் தீர்ந்தது என்பதைச் செய்தியே காட்டிக்கொடுக்கும். வெறும் எண்ணைக் கூட்டிப் பிரச்சினையைத் தள்ளிப்போடுவதைவிட இது எவ்வளவோ நல்லது.

இதன் மிக மோசமான வடிவம், வேறொரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக இணைக்கும் என்எஃப்எஸ்ஸில் வரும். தொலைவில் உள்ள கோப்பு சர்வர் செத்துப்போனால், பதில் வரும்வரை காத்திருக்கும்படி கடுமையாக ('ஹார்ட்') இணைத்த மவுன்ட்டைத் தொடும் டிஎஃப் அங்கேயே உறைந்துவிடும். பிஎஸ் வெளியீட்டில் அந்த நிரலின் நிலை 'டி' என்று தெரியும். அதற்கு எந்த டைம்அவுட்டும் உறைக்காது, கில் -9 கொடுத்தாலும் சாகாமல் நிற்பதும் உண்டு. டிஸ்க் சோதனை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 12 நிரல்கள் இப்படிச் சேரும். லினக்ஸ் இந்த 'டி' நிலையில் இருப்பவற்றையும் லோடு (வேலைப்பளு) கணக்கில் சேர்த்துக்கொள்வதால், சிபியு சும்மா இருக்கும்போதே லோடு ஏறும். அடுத்ததாக லோடு சோதனை சிவக்கும், பிராசஸ் எண்ணிக்கைச் சோதனை சிவக்கும். மூன்று அலெர்ட், மூன்று வெவ்வேறு பெயர், காரணம் ஒன்று. அந்தச் சர்வரை மறுதொடக்கம் செய்யக் கை துடிக்கும். அதற்கு முன் மவுன்ட் பட்டியலைப் பாருங்கள். டிஸ்க் சோதனையை உள்ளூர் டிஸ்க்குகளோடு நிறுத்திவிட்டு, என்எஃப்எஸ்ஸுக்குத் தனிச் சோதனை வைப்பதே நல்ல ஏற்பாடு.

எல்லா யூனிக்ஸும் ஒன்றல்ல

லினக்ஸில் எழுதிய பிளகினை ஏஐஎக்ஸிலோ சோலாரிஸிலோ கொண்டுபோய் வைப்பவர்களுக்கு வேறு வகைச் சங்கடங்கள். சோலாரிஸ் 10-ன் வழக்கமான பிஎஸ், கட்டளை வரியை 80 எழுத்தோடு வெட்டிவிடும். நீளமான ஜாவா வரியின் கடைசியில் இருக்கும் செயலியின் பெயரைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியை 'இல்லை' என்று பிளகின் சொல்லும். ஏஐஎக்ஸின் டிஎஃப் இயல்பாக 512 பைட் அலகில் பேசும். நீளமான டிஸ்க் பெயர் வந்தால் பழைய லினக்ஸ் டிஎஃப் ஒரு வரியை இரண்டாக மடித்துவிடும், நெடுவரிசையை எண்ணும் ஸ்கிரிப்ட் அங்கே தவறும். யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் வடிவத்தைக் கேட்கும் விருப்பத்தைப் போட்டால் மடிக்காது.

லினக்ஸுக்குள்ளேயே மாற்றங்கள் உண்டு. 2014-ல் 'ஃப்ரீ' கட்டளையின் வெளியீட்டிலிருந்து பஃபர், கேஷ் கணக்கைத் தனியாகக் காட்டிய வரி போய்விட்டது. அந்த வரியை நம்பியிருந்த நினைவகப் பிளகின்கள் மேம்படுத்திய சர்வர்களில் தப்பான எண்ணைச் சொல்லத் தொடங்கின. அதே ஆண்டு வந்த கெர்னல் 3.14-லிருந்து பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தைச் சொல்லும் 'மெம்அவைலபிள்' என்று ஒரு மதிப்பு நேரடியாகவே கிடைக்கிறது. கேஷையும் செலவான நினைவகமாகக் கணக்கிட்டு 95 சதவீதம் என்று அலறும் பழைய ஸ்கிரிப்ட்டுகளை அதற்கு மாற்றிவிடுங்கள்.

பச்சையையும் சந்தேகிக்க வேண்டும்

இதுவரை சிவப்பைப் பற்றியே பேசினேன். எனக்கு உண்மையில் அதிகக் கவலை தருவது பொய்யான பச்சை. சிவப்பை யாராவது ஒருநாள் பார்ப்பார்கள், பச்சையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பெரும்பாலும் இது வீட்டில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளில் பிறக்கிறது. ஷெல்லில் பல கட்டளைகளைக் குழாய் போட்டு இணைத்தால், கடைசிக் கட்டளையின் முடிவு எண்தான் மொத்தத்தின் முடிவு எண். முதலில் இருக்கும் கட்டளை தோற்றாலும் கடைசியில் இருக்கும் ஆக் (உரையைப் பிரித்தெடுக்கும் கட்டளை) 0 என்று முடியும், நாகியோஸ் பச்சை காட்டும். 'கிரிட்டிக்கல்' என்று உரையை மட்டும் எழுதிவிட்டு 2 என்று வெளியேற மறந்த ஸ்கிரிப்ட்டும் இப்படித்தான். உரையில் என்ன எழுதியிருந்தாலும் நாகியோஸ் நிறத்தை எண்ணை வைத்தே தீர்மானிக்கும். பச்சைப் பின்னணியில் 'கிரிட்டிக்கல்' என்ற சொல் மாதக்கணக்கில் இருந்தும் யாரும் கவனிக்காத திரைகள் இருக்கின்றன. பிஎஸ் வெளியீட்டை, சொல் தேடும் கிரெப்பில் விட்டு வரிகளை எண்ணும் ஸ்கிரிப்ட், அந்த கிரெப்பையும் சேர்த்து எண்ணி, செத்த செயலியை உயிரோடு இருப்பதாகச் சொல்லும்.

நெட்வொர்க் கருவிகளிடம் நிலையைக் கேட்கும் எஸ்என்எம்பி வழியாக நெட்வொர்க் போக்கை அளப்பவர்கள் 32 பிட் கவுன்டரை நம்பினால் இதே கதை. 1 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அந்தக் கவுன்டர் சுமார் 34 விநாடியில் ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு இடையில் எத்தனை சுற்று போனது என்று தெரியாது. திணறும் இணைப்பு சும்மா இருப்பதுபோல் தெரியும். 64 பிட் கவுன்டர்கள் இதற்காகவே இருக்கின்றன.

சர்வரே தன் நிலையை அனுப்பும் முறையில், அனுப்புவது நின்றுபோனால் கடைசியாக வந்த பச்சை அப்படியே தங்கிவிடும். நாகியோஸில் ஃப்ரெஷ்னெஸ் சோதனையை இயக்கி, குறித்த நேரத்துக்குள் புதுத் தகவல் வராவிட்டால் நிலையை மாற்றச் சொல்ல வேண்டும். பிரோமிதியஸில் இது இன்னும் நுட்பமானது. ஒரு அளவீடு வருவதே நின்றுவிட்டால் அதன்மேல் எழுதிய எச்சரிக்கை விதிக்குப் பொருத்திப் பார்க்க எதுவும் இருக்காது, அதனால் மௌனமாகிவிடும். 'அப்' என்ற அளவீடு 0 ஆகிறதா என்றும், முக்கியமான அளவீடு இல்லாமலே போகிறதா என்றும் தனி விதிகள் எழுதி வைப்பது கட்டாயம்.

அதனால் ஒரு சோதனையைச் சரிசெய்து பச்சையாக்கியதோடு நிறுத்தாமல், அதை வேண்டுமென்றே சிவக்க வைத்தும் பாருங்கள். சோதனை சர்வரில் அந்தச் சேவையை நிறுத்துங்கள், டிஸ்க்கில் இடத்தை அடைக்க ஒரு பெரிய கோப்பை உருவாக்குங்கள், எல்லை எண்ணைத் தற்காலிகமாகக் குறைத்துப் பாருங்கள். என்ஆர்பிஇ டீமனையும் ஒருமுறை நிறுத்துங்கள். அந்தச் சர்வரின் இருபது சோதனைகளும் சேர்ந்து அலறினால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் சொன்ன பதிப்பு எண் சோதனையையே ஒரு தனிச் சேவையாகச் சேர்த்து, மற்ற என்ஆர்பிஇ சோதனைகள் எல்லாம் அதைச் சார்ந்தவை என்று நாகியோஸில் எழுதிவிடலாம். டீமன் நின்றால் அந்த ஒரு வரி மட்டும் அறிவிப்பு அனுப்பும், மற்றவை அது திரும்பும்வரை அமைதியாக இருக்கும்.

கண்காணிப்பு சர்வரே நின்றுபோனால் யார் சொல்வது என்ற கேள்வி மிச்சம். பிரோமிதியஸ் பயன்படுத்துபவர்களிடம் 'வாட்ச்டாக்' என்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஓர் அலெர்ட் உண்டு. அதை வேறோர் இடத்தில் இருக்கும் சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அது வருவது நின்றால் அந்தச் சேவை ஆளைக் கூப்பிடும். நாகியோஸ் வைத்திருப்பவர்கள் இதையே ஒரு சிறு ஸ்கிரிப்ட்டால் செய்யலாம். நாகியோஸின் நிலைக் கோப்பு கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதை வேறொரு கணினியிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, பழையதாகிவிட்டால் நாகியோஸைத் தொடாமல் வேறு வழியில் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்ப வேண்டும். அந்தக் கணினி அதே ரேக்கில், அதே மின்சார இணைப்பில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.